தொடரில் ஒரு பல்ப்

மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தில்
குளிர்த்தொட்டியின் மூளை
உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை.
ஐப்பசி இடிக்கு அது செத்துவிடும், ஒவ்வொரு வருசமும்.
கொழும்பிலிருந்து புதுசு வர இருபத்தொரு நாள்.
பாலுக்கு நாலு மணித்தியாலம்.

பவளராணி பதினெட்டு லீற்றரையும்
வாசல் வேம்புக்கு ஊற்றிவிட்டுக் கேட்டாள்:
"பால்மானி பிடிக்கத் தெரிஞ்ச உனக்கு
இதைப் பிடிக்கத் தெரியாதோ?"
பதில் சொல்லவில்லை.
செத்த பலகையை மட்டும்
சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பழைய ரீவி ஒன்றின் மின்மாற்றியை
சோற்றுப்பானையில் அவித்தேன். பசை இளகியது.
கறுப்புக் காந்தக் கட்டி இரண்டாய்ப் பிரிந்தது.
ஒவ்வொரு சுற்றாய் உரித்து
பால் கணக்குக் கொப்பியின் பின்பக்கம் கோடு போட்டேன்.
நாற்பத்தெட்டுக் கோடு.
பிறகு மஞ்சள் நாடா.
பிறகு தடித்த கம்பியில் எட்டே எட்டு.

ஒரு கரையில் முந்நூற்றிருபத்தைந்து வோல்ற்,
மறுகரையில் பன்னிரண்டு.
நடுவே எந்தக் கம்பியும் கடப்பதில்லை.
ஆறு மில்லிமீற்றர் வெறுமை விடு என்றது புத்தகம்.
நான் எட்டு விட்டேன்.

படம் விளங்காமல் மூன்று கிழமை.
பிறகு ஓமந்தை ஞாபகம் வந்தது.
பத்தொன்பது வயதில் வரிசையில் நின்று பார்த்தது:
அந்தப் பக்கத்து லொறி இறக்கிவிட்டு விலகும்.
விலகின பிறகுதான்
இந்தப் பக்கத்து லொறி வந்து ஏற்றும்.
இரண்டும் ஒன்றாய் நிற்கக் கூடாது.
சாமான் கடக்கும், லொறி கடக்காது.
இவ்வளவுதானா என்று வாய்விட்டுச் சிரித்தேன்.
இங்கே அது
செக்கனுக்கு அறுபத்தையாயிரம் தடவை.

முதல் மொஸ்பெற் 'டிக்' என்றது.
இரண்டாவது சத்தமே போடவில்லை.
மூன்றாவது கூரைத்தகடு வரை துண்டாய்ப் பறந்தது.
ஒன்று இருநூற்றெண்பது ரூபா,
வவுனியாவுக்குப் பஸ் காசு வேறு.

ஓடிக்கொண்டிருப்பதை
ஒரேயடியாய் அறுத்தால் அது நிற்காது.
வழி கேட்கும்.
கொடுக்காவிட்டால் கதவை உடைக்கும்.
ஏற்றின எல்லாமும் மறுகரை சேர்வதில்லை,
கொஞ்சம் இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது.
அந்த மீதிக்கு
ஒரு டயோட், ஒரு சின்னக் கொள்ளளவி, ஒரு தடை.
தடைக்கு வேறு வேலை இல்லை,
சூடாவது மட்டும்.
'வீண்' என்று கொப்பியில் எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

சோதிக்க, பலகைக்கு முன்னால் தொடரில்
அறுபது வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்று.
பளீரென்று நின்றால் உள்ளே எங்கோ குறுக்கு.
மின்னி மங்கினால் பலகை உயிரோடு.
பொறி தெரியட்டும் என்று அறை விளக்கை அணைத்துவிடுவேன்.
ஆறு இரவு அந்தப் பல்ப் பளீரென்றே நின்றது.
மகள் துவாரகி அதன் கீழ் வந்திருந்து
பின்னக் கணக்குச் செய்தாள்.
"இண்டைக்கும் நல்ல வெளிச்சம் அம்மா."

ஏழாம் இரவு
மறுகரையில் சுமையாக ஒரு கம்பித்தடையை
தண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கிவிட்டு ஆளியைப் போட்டேன்.
பல்ப் ஒருக்கால் விழித்தது.
பிறகு உள்ளிழை சிவந்து, பழுத்து,
ஒரு பீடி நுனியளவு நின்றது.

"அம்மா, கரண்ட் போட்டுது!"
"இல்லையடி. வந்திட்டுது."

மீற்றர் பதினொன்று தசம் நாலு காட்டியது.
தொட்டிக்குப் பன்னிரண்டு வேணும்.
மறுதகவல் பக்கம் ஏதோ ஒரு பெறுமதி பிழை,
அது நாளைக்கு.
ஆளியை அணைத்தேன்.
அணைத்த பிறகும் பெரிய கொள்ளளவிக்குள்
ஆளைத் தூக்கியெறியும் அளவு மிச்சம் இருக்கும்.
நூறுவரை எண்ணி, மீற்றரில் பூச்சியம் பார்த்து,
அந்த வேலையில்லாத் தடையில் விரலை வைத்தேன்.

கறந்த பாலின் சூடு.