மூன்றேகால்

லுசாக்காவில் எந்தப் பேட்டைக்கு
எத்தனை மணிக்கு மின்சாரம் போகும் என்கிற பட்டியல்
ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது.
சிரிக்காதீர்கள், வாடகை அங்கேதான் மலிவாம்.

அதன் நகலை இங்கே வைத்துக்கொள்ளத்தான்
இந்த அறை, நான்கு இரும்புப் பெட்டிகள்,
குளிர்காற்று, டீசல் ஜெனரேட்டர்,
இரவுப் பணிக்கு ஹமூங்கா என்கிற நான்.

முதலில் கேட்பவருக்குத்தான் பாடு.
கையில் நகல் இருக்காது. கேள்வி கிளம்பும்:
லிவிங்ஸ்டன் தாண்டி, நமீபியா மணலுக்கடியில் ஓடி,
ஸ்வாகோப்முண்ட் கரையில் கடலுக்குள் இறங்கி
ஆப்பிரிக்காவின் மேற்கு விலா நெடுக உரசிக்கொண்டு
மேலே போய் வாங்கித் திரும்பும்.
மோசமான நாளில் இரண்டரை நொடி.
அடுத்துக் கேட்பவருக்கு
கேட்டு வாய் மூடுமுன் பதில்.
ஐயாயிரமாவது ஆளுக்கும் அப்படியே.

நடுநிசி தாண்டி முதலில் கேட்பது எப்போதும் ஒரே எண்.
மட்டேரோ பக்கம். மூன்றேகால் மணி.
பதிவேட்டில் அந்த வரிக்கு மட்டும் ‘இல்லை’ என்று விழும்.
பிறகு ஒரு மணி நேரத்துக்கு
இருக்கு இருக்கு இருக்கு.

பெண் என்று நானாக வைத்துக்கொண்டேன்.
பன் சுடுகிறவள் என்றும், பெயர் நமுகோலோ என்றும்.
மாவு ஒட்டிய விரலைச் சித்தெங்கேயில் துடைத்துத்
திரையைத் தொடுகிறாள்.
ஊரே காத்திருக்க வேண்டியதை
ஒருத்தியாகக் காத்து முடித்துவிட்டு
ஓவனுக்குப் போகிறாள்.

ஒருநாள் மூன்று பத்துக்கு
என் கைபேசியில் நானே கேட்டேன்.
அந்த இரண்டரை நொடியை நான் வாங்கிக்கொண்டேன்.
மூன்றேகாலுக்கு அவளுக்கு ‘இருக்கு’ விழுந்தது.
எழுந்து போய்த் தேநீர் போட்டேன்,
இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாக.

மூன்று பன்னிரண்டுக்குப் பட்டியல் மாறியிருக்கிறது.
மட்டேரோவுக்கு ஆறு மணி இல்லை, நான்கு.

நாலு இரண்டு: அதே எண். இருக்கு.
நாலு மூன்று. இருக்கு.
நாலு மூன்று, மறுபடி. இருக்கு.
இருட்டில் நின்று கேட்கிறவளிடம்
என் பெட்டி, கண்ணிமைக்கும் நேரத்தில், சளைக்காமல்
ஆறு வரை மின்சாரம் உண்டு என்கிறது.

நாலு ஐந்துக்கு நகலை அழித்தேன்.
அவளுடைய அடுத்த கேள்வி கடலைச் சுற்றிக்கொண்டு வந்தது.
சரியான பதில்.
அப்புறம் அந்த எண் கேட்கவில்லை.

பாதி வெந்த பன்னை என்ன செய்வார்கள்?
காலையில் மாற்றிவிட வந்த கபாசோவிடம் கேட்டேன்.
‘எந்தப் பன்?’ என்றான்.

இப்போதெல்லாம் மூன்று பத்துக்குக்
கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.
மூன்றேகால்.
இல்லை.
போய் வரட்டும்.