பதினொரு நிமிடம்

டெனிஸ் கோவல்சக் வட்டப் பிரியர்.
"ஒரு பை போட்டுவிடு, கவுன்சிலுக்கு அதுதான் விளங்கும்"
என்று கோப்பியோடு என் மேசையைக் கடந்து போனார்.
வெளியே வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
திரையில் எட்டாயிரத்துச் சொச்சம் வரிசைகள்:
எந்தத் தரிப்பிடம், எத்தனை மணி, எவ்வளவு காத்திருப்பு.

பை என்றால் எனக்குச் சந்தைப் பைதான் ஞாபகம் வரும்.
அதற்குள் எதையும் திணிக்கலாம். வட்டத்துக்குள் முடியாது.
வட்டத்துக்கு ஒரு முழுமை வேண்டும், டெனிஸ்.
"பயணத்தில் என்ன தொல்லை?" என்று கேட்டதற்கு
ஆளுக்கு இரண்டு மூன்று சொல்லியிருக்கிறார்கள்:
குளிர், தாமதம், தரிப்பிடத்தில் கண்ணாடி உடைந்து கிடக்கிறது.
கூட்டினால் நூற்றுக்கு நூற்றெண்பத்து நான்கு.
இதை எந்த ஆப்பத்தில் வெட்டுவேன்?

கோடு இழுத்துப் பார்த்தேன்.
ஜனவரிக்கும் பெப்ரவரிக்கும் நடுவே நாட்கள் உண்டு,
கோடு அவற்றின்மேல் நடந்து போகலாம்.
குளிருக்கும் உடைந்த கண்ணாடிக்கும் நடுவே
என்ன இருக்கிறது, கால் வைக்க?

பட்டைகள் நல்ல பிள்ளைகள்,
அடி பூச்சியத்தில் நிற்கும்வரை.
போன வருட அறிக்கையில் யாரோ எழுபதில் வெட்டி
எழுபத்தொன்றையும் எழுபத்துமூன்றையும்
குட்டிச்சுவரும் கோபுரமுமாக்கி வைத்திருந்தார்கள்.
அந்த யாரோ நான்தான். அப்போது வேலைக்குப் புதிது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தாயிற்று.
எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது என்பதற்குப்
பழமொழி இல்லை.

சராசரி, பதினொரு நிமிடம்.
பெரிய எழுத்தில் போடச் சொன்னார் டெனிஸ்.
பதினொரு நிமிடம் நின்றவரை வரிசை வரிசையாகத் தேடினேன்,
விரல்விட்டு எண்ணலாம்.
பகலில் நாலு, ஐந்து. இரவு பத்துக்குப் பின் முப்பத்தெட்டு, நாற்பது.
பதினொன்று,
யாரும் ஏறாத இடத்தில் நகரம் கட்டிவைத்த தரிப்பிடம்.

குளிர் கூடினால் தாமதம் கூடுமா என்று
புள்ளிகளைச் சிதறவிட்டேன்.
சுளகில் கொட்டிய அரிசிபோல் கிடந்தன, ஒரு பக்கமும் சாயவில்லை.
குளிர்மேல் பழி போட முடியாது இனி.

கடைசியாக வலையுருவரையம்,
சோதனைக்கு மனப்பாடம் செய்து மறந்த சொல்.
பட்டைகளை ஒட்ட ஒட்ட நிறுத்தினேன்.
அரை மணி அகலம்: ஒரே ஒரு படி இறக்கம், பிரச்சினையே இல்லை.
ஒரு நிமிட அகலம்: உடைந்த சீப்பு.
ஐந்து நிமிடத்தில்தான் எழும்பியது,
இடப்பக்கம் மலை, நடுவே பனிவெளி,
வலப்பக்கம் ஒரு சின்ன மேடு.
பிரெய்ரியில் மேடு என்றால் கண்ணில் படாமல் போகாது.

மாலை ஆறரைக்குக் குப்பைக்கூடை எடுக்க மாரிவிக் வந்தாள்.
திரையைப் பார்த்தாள். "இதில் நான் எங்கே?"
மேட்டைக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாக.
"இல்லை, நான் அவ்வளவு நிற்பதில்லை.
கால் மணி பார்ப்பேன், பிறகு நடப்பேன், இன்க்ஸ்டர் வரை,
கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு."

பஸ்ஸில் ஏறியவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறோம்.
நடந்தவர்களுக்கு வரிசை இல்லை,
வரிசை இல்லாதவர்களுக்குப் பட்டை இல்லை.
பனிவெளி என்று நான் நினைத்த இடத்தில்
காலடிகள்.

வியாழக்கிழமை கவுன்சிலில் எனக்கு ஐந்து நிமிடம்.
வட்டம் இல்லை என்று கண்டதும் டெனிஸ் தாடியைச் சொறிந்தார்.
லொரெய்ன் ஃப்ரீசன் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக் கேட்டார்:
"வலப்பக்கம் அந்த மேடு என்ன?"
"இரவு" என்றேன்.
"அப்போது நடுவில் அந்தப் பள்ளம்?"
பெயரைச் சொல்லவேண்டாம் என்றிருந்தாள் மாரிவிக்.
வேறு படமும் என்னிடம் இல்லை.
"அது வெறுமை அல்ல..." என்று தொடங்கினேன்.
மணி அடித்துவிட்டது.