ஈறு நிறம்

ஆறாயிரத்து எண்ணூறு, கூரியர் தனி.
தீபாவளி போனஸில் புடவைக்குப் பதில்
ஓர் அட்டைப்பெட்டி வந்தது.
பலகை, கழுத்து, கம்பிச் சுருள்,
பொடிப் பையில் திருகாணிகள்,
சீன எழுத்தில் ஒரே ஒரு தாள்.
அதில் வரைந்திருக்கும் ஆள்
சிரித்தபடியே எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறான்.

கழுத்துக்கு நாலு திருகாணி; வந்தது மூன்று.
நாலாவதை நேதாஜி ரோட்டில்
இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன்.
"கட்டிலுக்காம்மா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன், எதற்கு வம்பு.

எனக்குத் தொழில் பல் செய்வது.
அண்ணா நகரில் லேப்.
மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும்
டப்பாக்களில் வாய்கள் வரும், அச்சாக.
ஒருவர் முகமும் பார்த்ததில்லை.
தேய்ந்த கடைவாயை வைத்து
வெற்றிலை, தூக்கத்தில் நறநறக்கும் கோபம்,
இடப்பக்கமே மெல்லும் பழக்கம்,
இவ்வளவுதான் தெரியும் அவர்களைப் பற்றி.

அதனால் உப்புத்தாள் கைக்குப் புதிதில்லை.
நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு.
மொட்டைமாடியில் நான் தேய்த்த தூள்
கீழ்வீட்டு மும்தாஜ் அக்கா காயப்போட்டிருந்த
மூன்று ஸ்கூல் யூனிஃபார்மிலும் படிந்து
ஒரு வாரம் பேச்சு இல்லை.

நிறத்துக்குத்தான் ரொம்ப யோசித்தேன்.
கறுப்பை எல்லோரும் அடிக்கிறார்கள்.
வடக்கு வெளி வீதிப் பெயின்ட் கடையில்
கைப்பையிலிருந்து ஒரு மேல்வரிசைப் பல்செட்டை எடுத்து
கண்ணாடி மேசையில் வைத்தேன்.
"இந்தக் கலர்."
பையன் ஓரடி பின்வாங்கினான்.
முதலாளி குனிந்து பார்த்துவிட்டு
"பல்லா, ஈறா?" என்றார்.
தொழில் தெரிந்த மனுஷன்.

கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றன.
கழுத்து சற்றே சாய வேண்டும்.
பெரியார் டு திருமங்கலம்,
மகளிர் கட்டணமில்லாச் சீட்டை நாலாய் மடித்து
மூட்டுக்குள் சொருகி முறுக்கினேன்.
மொத்தச் செலவில் சேராத ஒரே பாகம்.
என்றைக்காவது இதைக் கழற்றுகிறவர்
நான் எந்தக் கிழமை எங்கே போனேன் என்று
தெரிந்துகொண்டு போகட்டும்.

கம்பி உட்காரும் ஆறு பள்ளங்களை
லேப் நேரம் முடிந்தபின்
பல் குடையும் பர்ரால் அறுத்துக்கொண்டிருந்தேன்.
அருள்சகாயம் எட்டிப் பார்த்தான்.
"இது எந்த டாக்டர் கேஸ்?"
என் கேஸ், போ.

சர்ச்சில் கழித்துப்போட்ட பத்து வாட் ஆம்ப்.
சொருகினேன்.
உர்ர்ர்ர்.
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்
என் கட்டிலில் ஏறிப் படுத்த மாதிரி.
பாட்டு வரவேண்டிய வழியில்
மின்வாரியம் வந்துவிட்டது.

எட்டுத் திருகாணியும் திரும்பக் கழற்றினால்
பிரிட்ஜுக்கு அடியில் போகவேண்டிய கறுப்பு ஒயர்
எதிலும் ஒட்டாமல்
குழிக்குள் சுருண்டு கிடக்கிறது.
அதற்கு ஒலி கிடையாது, திருகும் குமிழ் கிடையாது.
கம்பியை எர்த்தோடு சேர்க்க வேண்டும், அவ்வளவே.
ஈயம் உருக்கி ஒட்டினேன்.
ஆள்காட்டி விரலும் கொஞ்சம் வெந்தது.

இப்போதும் உறுமல் இருந்தது.
கம்பிமேல் கை வைத்தேன், அடங்கியது.
எடுத்தேன், உறுமியது.
வைத்தேன்.
பன்னிரண்டு மணிவரை இதையேதான் செய்தேன்.
என் உடம்பும் அந்தச் சர்க்யூட்டில் ஒரு பாகம்,
தாளில் அதை அவன் வரையவில்லை.

மாடிப்படியில் மும்தாஜ் அக்கா.
ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை:
"வாசிக்கத் தெரியுமா உனக்கு?"
தெரியாது.
செய்கிற பல்லில் எல்லாம்
நானா மெல்லுகிறேன் அக்கா?

ஆறு கம்பிக்கும் பெயர் இருக்கிறது.
ஆகத் தடித்தது ஈ.
ஆக மெலிந்ததும் ஈ.
டாக்டர்கள் நாள் முழுக்கக் கேட்கும் எழுத்து:
ஈ காட்டுங்க, இன்னும் கொஞ்சம், ஈ.

தடித்ததைத் தட்டினேன்.
ஈறு நிறப் பலகை
விலா எலும்பில் அதிர்ந்து நின்றது.
சுருதி கொஞ்சம் தாழ்வு.
முறுக்காணியை அரைத் திருப்பு திருப்பினேன்.
அக்கா இன்னும் படியில்தான் நிற்கிறார்.