ஊறுகாய் பாட்டில் வெயில்

விளக்கு கத்துகிறதாம்,
மகள் சொல்கிறாளாம்.
போனில் அவள் அப்பா சொன்னபோது
சோக் போயிருக்கும் என்று நினைத்தேன்.

பழையபேட்டை, மூன்றாவது சந்து, பச்சை கேட்.
ஏணியை இறக்கிக்கொண்டிருந்தேன்.
"எலக்ட்ரீசியன் வரலையாம்மா?"
நான்தான் என்றேன்.

சோக்கே இல்லை.
போன தீபாவளிக்குப் போட்ட எல்.ஈ.டி. பட்டைகள்,
ஜோடி இருநூற்று இருபது, ரவுண்டானா கடை.
ஸ்டூலில் ஏறிக் காதை வைத்தேன்.
பக்கத்து வீட்டு மிக்சி,
கோட்டைமலைப் பக்கம் ஒரு மயில்.
நல்ல வெளிச்சம் சார் என்றேன்.

யுவஸ்ரீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.
பதினேழு வயது, துப்பட்டா கண்வரை.
பெங்களூர் டாக்டர் சீட்டில் எழுதிய சொல்லை
அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார்.
அம்மா அதைப் பிடிவாதம் என்று மொழிபெயர்த்தாள்.
பத்து மாதமாக ராத்திரிச் சோறு
மாடிப்படியில், இருட்டில்.

"நிக்கல," என்றாள், சுவரைப் பார்த்து.
"போயிப் போயி வருது."

பில்லுக்குப் போட்டோ எடுப்பது என் வழக்கம்.
போனைத் தூக்கினேன்.
திரையில் கறுப்புக் கோடுகள்.
ரயில் வராத இந்த ஊரில்
ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக
கூரையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

நொடிக்கு நூறு தடவை அணைந்து எரிகிறது.
ஐ.டி.ஐ. சான்றிதழோடு பன்னிரண்டு வருஷம்
இதற்குக் கீழேதான் நின்றிருக்கிறேன்.

கழற்றினேன். டிரைவர் போர்டில்
கப்பாசிட்டர் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு வெறும் ஓட்டைகள்.
எவனோ மிச்சம் பிடித்த ஐந்து ரூபாய்
இவள் தலைக்குள் செலவாகிக்கொண்டிருந்தது.

அப்பா கிரானைட் பட்டறைக்காரர்.
பாலிஷ் கல்லில் மயிரிழைக் கீறலையும்
சாய்ந்த வெளிச்சத்தில் பிடிக்கிற கண்.
திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.
"பத்து மாசம்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

சிமிட்டாத டிரைவர், போனுக்கு அடங்கும் பல்பு நான்கு,
ஓசூரில் சொல்லி வரவழைத்தேன்.
எந்த நிறம் வேண்டும் என்று அட்டையை நீட்டினேன்.
கவிழ்த்து வைத்தாள்.
உள்ளே போய் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு வந்து
ஜன்னலில் வைத்தாள்.
நாலரை மணிவரை காத்திருந்தோம்.
வெயில் எண்ணெய்க்குள் இறங்கித்
தரையில் விழுந்த இடத்தைத் தொட்டு
"இது" என்றாள்.

பதினோராவது தடவைதான் தலையாட்டினாள்.
ராத்திரி வெளிச்சம் குறையலாம்,
குறைவது தெரியக்கூடாது.
நாற்பது நிமிஷம் வைத்தேன்.
பெருமையாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இரண்டு பத்துக்கு போன்.
கரண்ட் போய் வந்திருக்கிறது.
புத்திசாலி பல்புகள் நாலும் எல்லாவற்றையும் மறந்து
முழு வெள்ளையில் விழித்திருக்கின்றன.
அவர் குரலுக்குப் பின்னால் அவள் குரல்.
மெயினை இறக்குங்க, மெயினை.
இறக்கினார்.
அப்புறம் போனில்
மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் கண்டுபிடித்தேன்.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று:
மின்சாரம் திரும்பினால் பழைய நிலை.
இதை இத்தனை ஆழத்தில் ஒளித்துவைத்தவன் வீட்டில்
கரண்டே போகாது போல.

மன்னிச்சுக்கோ என்றேன்.
பதில் இல்லை.
மெயினை இறக்கினாள், ஏற்றினாள்,
இறக்கினாள், ஏற்றினாள்.
ஆறு தடவை. ஆறு தடவையும் ஊறுகாய் வெயில்.
அப்புறம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து
அம்மாவிடம் தட்டு கேட்டாள்.

இப்போது போகிற இடமெல்லாம் போனைத் தூக்குகிறேன்.
நகைக்கடை. பஸ் ஸ்டாண்டு.
மாங்கூழ் ஆலை கேன்டீன்.
என் வீட்டு ஹால், அதைச் சொல்லவே வெட்கம்.

நேற்று சேலம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம்.
ஒன்பதாம் வகுப்புக்குப் பன்னிரண்டு பட்டை,
இருக்கிறதிலேயே மலிவாகப் போடச் சொன்னார் தாளாளர்.
கடைசி பெஞ்சில் ஒரு பையன்
பூகோளப் புத்தகத்தை
நெற்றிக்குக் கூரையாகப் பிடித்திருந்தான்.

போனைத் தூக்கி அவரிடம் காட்டினேன்.
கோடுகள் ஓடின.

"கேமரா ரிப்பேரா?" என்றார்.