ஏழாவது கட்டை

மின்விசிறியை நிறுத்தியாச்சு.
புறாக்களை விரட்டியாச்சு.
வாசலில் நின்று எட்டிப் பார்த்த பையன்களுக்கு
ஆளுக்கொரு கடலைமிட்டாய்.
ஆடிக் காத்தை என்ன கொடுத்து அனுப்ப?

பணகுடிக்கு மேற்கே மலை இடைவெளி வழியாக
அது பாட்டுக்கு வருகிறது,
காத்தாடி றெக்கைகளைச் சுற்றிவிட்டு
கோயில் சன்னல் கொக்கியை ஆட்டிவிட்டு
என் மைக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கால்மிதி ஆர்மோனியம். கட்டை அறுபத்தொன்று.
உள்ளே பாதி கரையான், மீதி பித்தளை.
விற்றுவிடுவதென்று சேகரக் கமிட்டியில் முடிவாகி
சத்தத்தை மட்டும் கீபோர்டில் ஏற்றித் தரச் சொன்னார்கள்.
நாலாயிரம். முன்பணம் ஐந்நூறு.

கோயில்பிள்ளை தேவஇரக்கம் மிதிக்க, நான் அமுக்க,
கட்டைக்கு எட்டு நொடி.
மெதுவாக ஒருதரம், நடுத்தரமாக ஒருதரம்,
அசனப் பண்டிகைக்கு மிதிப்பதுபோல் ஒருதரம்.
துருத்தித் தோல் முனகியது, அவர் முழங்காலும்.
எது எது என்று பிரிக்கத் தெரியாமல்
இரண்டையும் சேர்த்தே ஏற்றினேன்.

நடு ஸ்தாயியில் ஏழாவது, கருப்பு,
அமுக்கினால் டக். அவ்வளவுதான்.
"அது செத்து இருவது வருசம் இருக்கும்" என்றார்
பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரைச் சொல்வதுபோல.

இரவு, வள்ளியூரில், என் அறையில்
ஒவ்வொரு சத்தத்தையும் அதனதன் கட்டையில் குடிவைத்தேன்.
விரலை எடுக்காதவரை சத்தம் நிற்கக் கூடாது;
அதற்காக நடுவில் நாலு நொடியை வெட்டி
வால் தலையைக் கவ்வும்படி வளைத்தேன்.
இனி அந்தக் காத்தும்
நாலு நொடிக்கு ஒருதரம் அதே கொக்கியை ஆட்டும்.

விளையாட்டுக்கு ஒன்றைப் பிடித்து
மேலே மேலே இழுத்துப் பார்த்தேன்.
ஒரு ஸ்தாயி தாண்டியதும் ஆர்மோனியம் கொசுவாகி
தேவஇரக்கத்தின் இருமல்
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையின் இருமலாகியது.
கீழே இழுத்தால் யாரோ கிணற்றுக்குள்.
ஒரு குரல் தன் வீட்டை விட்டு
ரெண்டு மூணு வாசல்தான் போகலாம்,
அதற்கு மேல் போனால் வேறு ஆள்.

ஏழாவதுக்கு ஆறாவதைக் கடன் வாங்கினேன்.
அரைப்படிதானே. காத்தும் அரைப்படி ஏறியது.
யாருக்குத் தெரியப்போகிறது.

ஞாயிறு. ஐயர் வந்தாயிற்று. ஜி-யில் பாட்டு.
முடிகிற இடத்துக்கு ஒரு படி முன்னால்
ஏழாவது கட்டை,
பித்தளையாய், முழுசாய், ஒலித்தது.
சபை தடுமாறிவிட்டது.

அந்த இடத்தில் இருபது வருசமாய்ப்
பெட்டி ஒன்றும் சொல்வதில்லை.
இவர்களே
கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கூட்டி,
தோள்கொடுத்துத் தாண்டியிருக்கிறார்கள்.
இன்றைக்குத் தோள் கொடுக்கப்போன இடத்தில்
ஏற்கெனவே ஒரு தோள்.

கிருபாவதி அக்கா பாட்டின் நடுவே திரும்பிப் பார்த்தாள்.
வெளியே செருப்பைத் தேடும்போது கேட்டாள்:
"யாருட்டீ அது, புதுசா ஒருத்தி நம்மகூட பாடுனது?"

அன்றைக்கே அவளை இறக்கிவிட்டு
டக்கை வைத்தேன். மூன்று டக்:
மெதுவாக, நடுத்தரமாக, அசனத்துக்கு.
நல்லவேளை, அவற்றை அழிக்காமல் வைத்திருந்தேன்.

பொருளாளர் எட்வின் தங்கத்துரை கணக்குப் போட்டார்.
"அறுபத்தொண்ணுக்குப் பேசி
அறுபதுதான தந்திருக்க."
அறுபத்தாறு ரூபாய் பிடித்தம்.
ரசீதில் இருக்கிறது: சத்தம் வராத கட்டை ஒன்று.

ஆர்மோனியத்தை யாரோ டெம்போவில் ஏற்றிப் போனார்கள்.
ஐப்பசியில் காத்தாடிகளும் நின்றுவிட்டன.
வெளியே பனையோலை அசையவில்லை.
கோயிலுக்குள் எந்தக் கட்டையைப் பிடித்தாலும்
நாலு நொடிக்கு ஒருதரம் ஆடி மாசம்.
ஏழாவதில் மட்டும் கிடையாது.
அங்கே
மூச்சு எடுக்கிறார்கள்.