இறகுக் கணக்கு

முதலில் மூன்று.
கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளில்,
வானிலைப் பக்கத்தின் மேல்.
உதிர்கிற பருவம் என்று நினைத்தேன்.
மறுநாள் பதினொன்று.
அதில் ஒன்றின் தண்டில் ரத்தம்.

பதினான்கு மாதம்தான் உனக்கு, புவோலுக்கா.
எங்கள் காட்டுப் பழத்தின் சிவப்பு
உன் வாலில் இருந்ததால்
பழத்தின் பெயரையே உனக்கு வைத்தேன்.
சாம்பல் சட்டைக்குள்
இப்படியொரு வெளிறிய தோல் இருப்பது
எனக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

மேல்மாடி தவுனோ
கழுத்துக்குப் பட்டை மாட்டச் சொன்னார்.
என் தங்கை போனில்,
"உனக்குப் பிள்ளை இல்லாத குறை
அதற்குத் தெரிகிறது போல" என்றாள்.
போனை வைத்துவிட்டேன்.

மருத்துவர் ஹில்லேவி
உன்னைத் துண்டில் சுருட்டி ரத்தம் எடுத்தார்.
பேன் இல்லை. துத்தநாகம் இல்லை. ஈரலில் பழுதில்லை.
"எத்தனை மணி நேரம் தூங்குகிறான்?"
நான் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று சொன்னேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"ஒரு நோட்டு போடுங்கள்.
நேரம், இறகு, அன்றைக்கு என்ன நடந்தது."

திங்கள்: இரண்டு.
செவ்வாய்: ஒன்பது.
புதன்: இல்லை.
வியாழன்: பதினேழு. மன்னிப்புக் கேட்டேன். திரும்பிக்கொண்டான்.

ஜனவரி முழுக்க எழுதி
ஒரு ஞாயிற்றுக்கிழமை
சம்பளச் சீட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நான் இரவுப்படி வாங்கிய தேதிகளும்
நீ பிடுங்கிய தேதிகளும்
ஒன்றே.

பனி விழுந்த இரவுகள்.
இரண்டரைக்கு அலாரம், விளக்கு, பூட்ஸ் உதறல்.
எங்கள் முற்றத்தில்தான் தொடக்கம்.
பனிவாரி வண்டியின் மஞ்சள் வெளிச்சம்
உன் சுவரில் சுழன்று ஓட
பின்னால் எடுக்கும்போது
பீப், பீப், பீப்.
மார்புக்குக் குனியும்போதெல்லாம்
நீயும் அதே பீப் போட்டாயே,
கெட்டிக்காரன் என்று சிரித்தேனே.

ஓவுலு நகரம் முழுக்க வழி செய்துவிட்டு வந்து
உன் அடியில் கிடந்ததைக்
கையால் வாரினேன்.

இப்போது சீருடை மாட்டுவது மாடிப்படியில், இருட்டில்.
முற்றத்தைக் கடைசியாக வாருகிறேன், ஏழு மணிக்கு.
தவுனோ முணுமுணுக்கட்டும்.
உன் கூண்டு ஜன்னல் இல்லாத உள்ளறையில்.
சனிக்கிழமை சவுனா ஆறி
ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் குளியலறையில்
வெதுவெதுப்பாகத் தண்ணீர் தெளிக்கிறேன்.
பழைய பல் பிரஷ் மாதிரி
சிலிர்த்துக்கொண்டு முறைக்கிறாய்.
சூரியகாந்தி விதை மறைத்த அட்டைச் சுருள்கள்
தினமும் ஏழு.
கிழி.
உன்னைத் தவிர எதை வேண்டுமானாலும் கிழி.

கஷ்டம் அதெல்லாம் இல்லை.
நீ பிடுங்கும்போது ஓடிவராமல் இருப்பதுதான்.
நான் "வேண்டாம்" என்று பதறியதை
நீ பரிசாக எடுத்துக்கொண்டிருக்கலாமாம்.
அதனால் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
கெட்டிலையே பார்க்கிறேன்.
பன்னிரண்டு டன் வண்டியை
உறைந்த சரிவில் நிறுத்தத் தெரியும் எனக்கு.
இந்த நாற்காலியில்
சும்மா உட்காரத் தெரியவில்லை.

மார்ச்.
உன் மார்பில் முள்முள்ளாக ஏதோ.
உறை பிரியாத இறகுகள்.
இன்று காலை அலகைத் தாழ்த்தி
அதில் ஒன்றைக் கவ்வினாய்.
கோதுவதற்கும் பிடுங்குவதற்கும்
ஆரம்பம் ஒன்றுதான்.
கெட்டிலைப் பார்த்தேன். அதில் நீ தெரிந்தாய், வளைந்து, சின்னதாக.

வெளியே பனி தொடங்கியிருந்தது.
போன் மேஜையில் அதிர்ந்தது.
உன் கீழே வெள்ளையாக
ஏதோ உதிர்ந்தது.
மெல்ல எழுந்து வந்து விரலால் தொட்டேன்.
உறைத் தூள். மாவு போல.

நோட்டில் இதற்குக் கட்டம் போடவில்லை.
பணிமனையை அழைத்து
இருபது நிமிடம் தாமதமாகும் என்றேன்.