மீன் அறுத்த வாள்

சிலோயே தீவில் மழை விடாத ஒன்பதாம் நாள்.
சால்மன் ஆலைக் குப்பையிலிருந்து
ஒத்தீலியா தூக்கிவந்த பட்டை வாள்
விறகடுப்பருகே சுருண்டு கிடக்கிறது.
சூடேற ஏற மீன் வாடை.

ஏழு வருடம்
உறைந்த மீனை இதனிடம்தான் நீட்டினாள்.
அவள் இடக்கைச் சுண்டுவிரல் நுனிக்கு
அது இன்னும் கணக்குச் சொல்லவில்லை.

இரண்டு முழம் நறுக்கி, முனைகளில் துளையிட்டு,
லூமா மரச் சட்டத்தில் பூட்டி
வலைக்கயிற்றை முறுக்கினாள்.
சுண்டினால் ணங்கென்றது.

மரத்தில் ஓடவில்லை.
நாலாம் இழுப்பில் சிக்கி நின்றது.
மீன் வழிவிடும்;
ஈரச் சைப்ரஸ் இறுக்கிப் பிடிக்கும்.

பல்லைச் சாய்க்க வேண்டும்,
ஒன்று இடம், ஒன்று வலம்.
குறடு நெம்பியதில் மூன்று பல் போயிற்று.
"எனக்கும் மூன்றுதான் போயிருக்கிறது"
என்றபடி அரத்தை எடுத்தாள்.

மறுபடி வைத்தாள். இடப்பக்கம் இழுத்தது.
இடப் பற்களின்மேல் சாணைக்கல்லால்
ஒரே ஒரு தடவல்.
அப்புறம் கோட்டைவிட்டு நகரவில்லை,
பேச்சை மாற்றாத ஆள் மாதிரி.

படிக்கட்டுப் பலகை துண்டாகி விழுந்தது.
பூனை ஓடிவந்து
மரத்தூளை முகர்ந்தது, நக்கிப் பார்த்தது,
தும்மிவிட்டு
அவளை முறைத்தது.